செங்கல் உடைக்க ஆசை... நிற்கத் தெரியவில்லை! கராத்தே, சிலம்பம் கற்க வரும் வாலிபர்கள் முதலில் கேட்பது என்ன?

சென்னை:

விடிந்தும் விடியாததுமாக விளையாட்டுத் திடல்களில் "ஹா... ஹூ..." என்று சத்தம் கிளம்புகிறது. வெள்ளை உடை. இடுப்பில் பெல்ட். கராத்தே வகுப்பு!

கொஞ்சம் தள்ளிப் போனால் "விஷ்க்... விஷ்க்..." என்று கம்பு காற்றைக் கிழிக்கிறது. சிலம்ப வகுப்பு!

சாயங்காலம் ஆனால் மொட்டை மாடிகளிலும் இதே சத்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஆபீஸ் போகும் பெண்கள் என்று பலரும் சேருகிறார்கள்.

இவர்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எதைக் கற்பதில் கொள்ளை ஆசை?

எந்த மாஸ்டரைக் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வரும்.

செங்கல் உடைப்பது. தலைக்கு மேல் காலைத் தூக்கி உதைப்பது. சங்கிலி போட்ட இரட்டைக் கட்டையான நுஞ்சாக்கு சுற்றுவது. சிலம்பத்தில் சுருள் வாள் வீசுவது. வர்மத்தில் இரண்டு விரலால் ஆளைச் சாய்ப்பது. கத்தியோடு வருகிறவனிடம் இருந்து கத்தியைப் பிடுங்குவது.

ஆறு ஆசை! ஆனால் இந்த ஆறில் ஒன்றுகூட முதல் நாள் பாடத்தில் கிடையாது.

முதல் நாள் சொல்லித் தருவது மூன்றே மூன்றுதான். எப்படி நிற்பது? எப்படி நகர்வது? எப்படி விழுவது?

"இதுக்கா காசு கட்டினோம்?" என்று முகம் சுளித்து, ஒரே மாதத்தில் நின்றுவிடுகிற பையன்கள் உண்டு. நல்ல வகுப்பை விட்டுவிட்டு, "வந்த அன்னிக்கே செங்கல் உடைக்கலாம்" என்று ஆசை காட்டும் வகுப்புக்கு ஓடுகிறவர்களும் உண்டு. ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்!

சினிமா செய்த வேலை

இந்த ஆசைக்கு விதை போட்டது சினிமா.

1973-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி ஹாங்காங்கில் புரூஸ் லீ இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. அடுத்த மாதமே அவர் நடித்த "என்டர் தி டிராகன்" அமெரிக்காவில் வெளியாகி, உலகத்தையே ஒரு கலக்கு கலக்கியது. அந்தப் படம் இங்கே வந்த பிறகு, நம்ம ஊர் வாலிபர்களும் துடைப்பக் கட்டையை இரண்டாக வெட்டி, நடுவில் கயிறு கட்டி நுஞ்சாக்கு செய்தார்கள். எதிரியை அடித்தார்களோ இல்லையோ, தங்கள் முழங்கையையும் மண்டையையும் பதம் பார்த்துக்கொண்டார்கள்!

1996-ல் "இந்தியன்" வந்தது. விரல் நுனியால் ஆளை முடக்கும் கிழவரைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், வர்மம் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டு வந்தவர்கள் பலர். 2011-ல் "7-ஆம் அறிவு" வந்த பிறகு கேள்வி மாறியது. "நோக்கு வர்மம் தெரியுமா மாஸ்டர்?"

இப்போது செல்போன் வந்துவிட்டது. அரை நிமிடப் படத்தில் ஒருவன் அந்தரத்தில் சுழன்று உதைக்கிறான். அந்த ஒரு உதைக்குப் பின்னால் இருக்கும் வருடக்கணக்கான பயிற்சியை அந்தப் படம் காட்டுவதில்லை.

மேல் படிக்குத் தாவியவர்

வேடிக்கை என்னவென்றால், இந்த அவசரத்தைக் கிண்டல் செய்த சினிமாவும் ஒன்று இருக்கிறது.

1978-ல் வந்த ஹாங்காங் படம் "36-வது சேம்பர் ஆப் ஷாவ்லின்". கார்டன் லியூதான் கதாநாயகன். ஷாவ்லின் மடத்தில் 35 அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பயிற்சி. "எந்த அறையில் ஆரம்பிக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். கதாநாயகன் ஆசைப்பட்டு உச்சியில் இருக்கும் 35-வது அறையையே கேட்கிறான். உள்ளே போனதும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தூக்கி எறியப்படுகிறான்!

பிறகு கீழே இருந்து தொடங்குகிறான். முதல் பாடம் என்ன தெரியுமா? சாப்பாட்டுக்கூடத்துக்குப் போக வேண்டும். வழியில் தண்ணீர். அதில் மிதக்கும் கட்டைகள். அதன் மேல் கால் வைத்து விழாமல் தாண்டினால்தான் சோறு!

அதாவது, முதல் பாடம் சண்டையே அல்ல. கால் நிதானம்தான்.

நிற்கச் சொன்னால் கண்ணீர்

கராத்தேயில் "கிபா டாச்சி" என்று ஒரு நிலை. குதிரை மேல் உட்கார்ந்திருப்பது போல, காலை அகட்டி, முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து நிற்க வேண்டும். பார்க்கச் சுலபம். நின்று பார்த்தால் தெரியும் சேதி! ஒரு நிமிடத்துக்குள் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும்.

"எப்ப மாஸ்டர் பைட் சொல்லித் தருவீங்க?"

"முதல்ல நில்லு தம்பி!"

எல்லா வகுப்பிலும் தினமும் நடக்கிற பேச்சுவார்த்தை இதுதான்.

குத்தின் பலம் கையில் இருந்து வருவதில்லை. பாதம் தரையை அழுத்துகிறது. அந்த வேகம் இடுப்பு வழியாகத் திரும்பித் தோளுக்கு வந்து முஷ்டியில் முடிகிறது. கால் ஆடினால் குத்து வெறும் தட்டுதான்.

ஒகினாவா தீவுக்காரர் கிச்சின் புனகோஷி, 1922-ல் டோக்கியோவுக்கு வந்து ஜப்பானியருக்குக் கராத்தேயை அறிமுகப்படுத்தியவர். "கட்டா" என்றால் எதிரி இல்லாமல் தனியாகச் செய்யும் அடவு வரிசை. அதில் மூன்றே மூன்றைக் கற்க அவருக்குப் பத்து வருடம் பிடித்தது!

"கட்டாவா? போர் மாஸ்டர்!" என்று கொட்டாவி விடுகிறார்கள் நம்ம பையன்கள்.

அந்த "போர்" அடிக்கும் கட்டாவுக்குத்தான் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். ஆண்கள் பிரிவில் ஒகினாவாவின் ரியோ கியுனா ஜெயித்தார். பெண்கள் பிரிவில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் ஜெயித்தார். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 39!

செங்கல் ரகசியம்

சரி, செங்கல் விஷயத்துக்கு வருவோம். மேடையில் ஓட்டை அடுக்கி, "ஹா!" என்று ஒரே அடியில் உடைக்கிறார்களே, அது மந்திரமா?

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. விஞ்ஞானம்!

அமெரிக்காவில் மைக்கேல் பெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் என்ற மூன்று பேர் இதை ஆராய்ந்து 1979-ல் "சயன்டிபிக் அமெரிக்கன்" பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். இவர்களில் மெக்நேர் இயற்பியல் விஞ்ஞானி. கராத்தே கறுப்பு பெல்ட்காரர். பிறகு விண்வெளி வீரர் ஆனவர். 1986-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடித்ததில் உயிரிழந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

ரகசியம் இதுதான். பலகையோ ஓடோ, இரண்டு முனையில் மட்டும் முட்டுக் கொடுத்து வைக்கிறார்கள். நடுவில் அடி விழும்போது அது வளைகிறது. அடிப்பக்கம் இழுபட்டுப் பிளந்துகொள்கிறது. மரப் பலகை என்றால் நார் ஓடும் திசையில்தான் பிளக்கும். ஓடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி விட்டால், மேல் ஓடு உடைந்து விழும் வேகமும் கீழ் ஓட்டுக்கு உதவி செய்யும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கை முழுசாக நீளும் முன்பே அதன் வேகம் உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதனால் ஓட்டின் மேல் பக்கத்தைக் குறி வைக்கக்கூடாது. அதற்கும் கீழே குறி வைக்க வேண்டும். புதிய பையன் பயந்து கடைசி நொடியில் கையை இழுத்துக்கொள்வான். ஓடு அப்படியே இருக்கும். கை வீங்கும்!

கையில் சின்னச் சின்ன எலும்புகள் 27 இருக்கின்றன. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முற்றியிருக்காது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மேடையில் ஏற்றி ஓடு உடைக்கச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது வீரம் இல்லை. விபரீதம்!

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஓடு திருப்பி அடிக்காது. நகராது. கத்தி எடுக்காது!

உயர உதைத்தால் ஓசி விளம்பரம்

அடுத்த ஆசை, தலை உயர உதை.

பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் உடம்பு இளகாமல் காலைத் தூக்கினால் தொடைக்குப் பின்னால் இருக்கும் தசை "விண்" என்று இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நொண்ட வேண்டியதுதான். அதிலும் சிமெண்ட் தரை மொட்டை மாடியில், வெறுங்காலில், பாய் விரிக்காமல் துள்ளிக் குதித்தால் முட்டியும் கணுக்காலும் கதறும்.

தெருவில் இந்த உதை உதவுமா? ஈரத் தரை, ஜல்லி, செருப்பு, லுங்கி! ஒற்றைக் காலில் நிற்கிறவனைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். நிஜத்தில் உதைத்தால் முட்டிக்குக் கீழேதான் என்பது பழைய கைகளின் கணக்கு.

கம்பு சுற்றினால் போதுமா?

சிலம்பத்திலும் இதே கதைதான்.

கம்பு கைக்கு வந்ததுமே சுழற்ற ஆசை. நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு, சுற்றி நிற்கும் கூட்டம், காற்றில் வட்டம் வட்டமாக வீச்சு. அதற்கப்புறம் கம்பின் இரு முனையிலும் பந்தம் கொளுத்திச் சுற்ற ஆசை. அதற்கும் மேலே சுருள் வாள் ஆசை. சுருள் வாள் என்பது சாட்டை போல வளையும் வாள். கொஞ்சம் பிசகினாலும் வீசுகிறவன் மேலேயே பாயும்!

ஆனால் வாத்தியார் முதலில் கம்பைச் சுற்ற விடமாட்டார். கால் பாடம்தான் முதலில். முன்னே ஒரு எட்டு, பின்னே ஒரு எட்டு, பக்கவாட்டில் திரும்பு. "காலை விட்டா கம்பு தானா வரும்" என்பது சிலம்பக்காரர்கள் கணக்கு.

சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம் வேறு, போர்ச் சிலம்பம் வேறு. கூட்டத்தைக் கவருவது அலங்காரம். எதிரி கம்பைத் தடுத்து, விலகி, தொட்டு எடுப்பது போர். புதியவர்கள் ஆசைப்படுவது முதலாவதுக்கு. உயிர் காப்பது இரண்டாவது.

தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அதனால் பிள்ளைகளுக்கு ஊக்கம் கூடியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் மேடைச் சுற்றலோடு நின்றுவிட்டால் பாதிச் சிலம்பம்தான்.

வர்மக் கதை என்னவென்றால், கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் உடம்பில் 108 வர்மம் என்று கணக்குச் சொல்கிறார்கள். படு வர்மம் 12. தொடு வர்மம் 96. இது அடிமுறை மட்டும் இல்லை, வைத்தியமும்கூட. பட்ட வர்மத்தை இளக்கி எடுக்கத் தெரிந்தவன்தான் ஆசான். "ஒரே மாசத்தில் வர்மம்" என்று எவனாவது போர்டு மாட்டியிருந்தால், அவன் முதலில் தட்டப்போவது உங்கள் பர்ஸை!

விழத் தெரியாவிட்டால் உயிர் போகும்!

யாருமே ஆசைப்படாத பாடம் ஒன்று இருக்கிறது. அதுதான் விழும் பாடம்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-ல் ஆரம்பித்தது ஜூடோ. அதில் முதல் பாடம் "உக்கெமி". தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையைத் தட்டி, பின்மண்டை மோதாமல் விழுவது. இதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். பையன்களுக்குச் சலிப்பு.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஜப்பான் பள்ளிக்கூடங்களில் 1983 முதல் 2011 வரை ஜூடோவில் 100-க்கும் அதிகமான மாணவர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் தலையில் அடி. செத்தவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்த முதல் வருடப் பிள்ளைகள்! ஜூடோ பிறந்த நாட்டிலேயே இந்தக் கதி. 2012-ல் அங்கே நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலையைக் கட்டாயப் பாடம் ஆக்கியபோது, பெற்றோர் பயந்ததற்குக் காரணம் இதுதான்.

விழும் பாடத்தால் இன்னொரு லாபமும் உண்டு. வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சண்டை போடாத மனிதன்கூட, குளியலறையில் வழுக்கி விழலாம். பஸ் படியில் தவறலாம். ஸ்கூட்டர் சறுக்கலாம். கராத்தேயில் கற்ற எதுவும் உதவாத இடத்தில் அந்த விழும் பாடம் உதவும்.

கத்தி என்றால் ஓட்டம்!

கடைசி ஆசைதான் மிகப் பெரிய ஆபத்து.

வகுப்பில் ரப்பர் கத்தி. எதிரே நிற்பவன் நண்பன். அவன் மெதுவாகக் கையை நீட்டுகிறான். இவன் "டக்" என்று மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறான். கத்தி கீழே விழுகிறது. கைதட்டல்!

தெருவில் கத்தி அப்படி நீண்டுகொண்டு நிற்காது. பாயும், திரும்பும், மறுபடி பாயும். இருட்டு. பயம். கூட வந்தவன் பின்னால் நிற்கலாம். வெறுங்கையோடு கத்தியைப் பிடிக்கப் போனவன் கை கிழிவது நிச்சயம். அதற்கு மேலும் போகலாம்.

அனுபவப்பட்ட மாஸ்டர்கள் சொல்லித் தரும் பாடம் வேறு. தள்ளி நில். பர்சைக் கேட்டால் தூக்கி எறி. வழி இருந்தால் ஓடு. கத்து. ஆள் சேர். ஓட வழியே இல்லாவிட்டால் மட்டும் கை வை.

"மூணு மாசம் கராத்தே படிச்சேன்" என்ற தைரியத்தில் நாலு பேரை எதிர்த்து நிற்கும் பையனுக்கு, அந்தப் படிப்பு இல்லாமலே இருந்திருந்தால் அவன் ஓடிப் பிழைத்திருப்பான். அரைகுறை வித்தை ஆளைக் காப்பதில்லை. ஆளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது!

பெண்களின் கேள்வி வேறு

வகுப்புக்கு வரும் பெண்களின் ஆசைப் பட்டியல் இப்படி இல்லை. செங்கல் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. "கையைப் பிடிச்சு இழுத்தா எப்படி விடுவிக்கிறது?" "பின்னால இருந்து கழுத்தைப் பிடிச்சா?" "பஸ்ல இடிச்சா?" இதுதான் அவர்கள் கேள்வி. நடந்ததை வைத்துக் கேட்கிறார்கள். அதனால் உருப்படியான கேள்வியாக இருக்கிறது.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் தற்காப்புத் திட்டத்தில் மூன்று மாதப் பயிற்சி கொடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் யாரும் புரூஸ் லீ ஆக முடியாது. ஆனால் பிடித்த கையை உதறவும், குரல் எடுத்துக் கத்தவும், திரும்பிப் பார்க்காமல் ஓடவும் பழகலாம். அது பெரிய விஷயம்.

பெண்களுக்கு உதவி எண் 181. போலீஸ் 100. எந்த அவசரத்துக்கும் 112. கட்டாவோடு இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தற்காப்புக்காக அடிக்கலாமா? அடிக்கலாம். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அந்த உரிமையைத் தருகின்றன. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான் இவை.

ஆனால் எல்லை உண்டு. தற்காப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். போலீசுக்குப் போக அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. சங்கிலியைப் பறிப்பது 304-வது பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். ஆனால் பிடிபட்டுக் கீழே விழுந்து கிடப்பவனை, "நான் பெல்ட்காரன்" என்று மிதித்தால், மிதித்தவர் மேலும் கேஸ் வரும்!

"கறுப்பு பெல்ட் வாங்கினவன் கையை ஸ்டேஷன்ல பதிவு பண்ணணும்" என்று பையன்கள் பெருமை அடிப்பது உண்டு. சுத்தக் கப்சா! அப்படி ஒரு சட்டமே இல்லை.

கறுப்பு பெல்ட் வியாபாரம்

கறுப்பு பெல்ட்டின் முதல் படிக்கு ஜப்பான் மொழியில் "ஷோடான்" என்று பெயர். அர்த்தம் என்ன? "ஆரம்பப் படி"! அங்கே அது படிப்பின் தொடக்கம். இங்கே பல பேருக்கு அதுதான் படிப்பின் முடிவு. வீட்டில் போட்டோ மாட்டியதும் வகுப்பை மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஆசையை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட்டுக்குப் பெல்ட் பரீட்சைக் கட்டணம், சான்றிதழுக்குத் தனிக் காசு, டிரஸ்ஸுக்குத் தனிக் காசு. பிள்ளைக்கு நிறம் நிறமாகப் பெல்ட் வந்துகொண்டே இருக்கும். நிற்கத் தெரிந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

பெற்றோர் கவனத்துக்கு...

* சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். பார்க்க விடாத வகுப்பு வேண்டாம்.

* தரையில் பாய் இருக்கிறதா? மணலா? வெறும் சிமெண்டா?

* உடம்பைச் சூடேற்றும் பயிற்சி முதலில் நடக்கிறதா?

* விழும் பாடம் உண்டா? தலையில் அடிபட்டால் உடனே நிறுத்தி டாக்டரிடம் அனுப்புகிறார்களா?

* பெண் பிள்ளைகள் இருந்தால் கூட ஒரு பெண் பயிற்சியாளரோ பெற்றோரோ இருக்கிறார்களா?

* இத்தனை மாதத்தில் கறுப்பு பெல்ட் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறார்களா? கொடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

* முதல் வாரமே பிள்ளை கையில் ஓட்டையோ சுருள் வாளையோ கொடுக்கிறார்களா? இதற்கும் அதே பதில்தான்.

புதிதாகச் சேரும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசை தப்பில்லை. ஆசை இல்லாவிட்டால் யாரும் விடியற்காலையில் எழுந்து வரமாட்டார்கள். செங்கல்லும் வரும், உதையும் வரும், கம்பும் சுழலும். ஆனால் முதல் வருடம் மாஸ்டர் "நில்லு" என்றால் நில்லுங்கள். "விழு" என்றால் விழுங்கள். "ஓடு" என்றால் ஓடுங்கள்.

செங்கல் எங்கேயும் போகாது. உங்களுக்காகக் காத்திருக்கும்!